சைவநீதியும் ஊர் வழமையும்



எங்கள் ஆலயங்களில் பூசை நிறைவெய்தியதும் எல்லோருமாகச் சேர்ந்து கந்தபுராண வாழ்த்துப் பாடுகிறோம். மழையைக் கேட்கிறோம், வளத்தைக் கேட்கிறோம், முறை தவறாத அரசைக் கேட்கிறோம், உயிர்களின் நல்வாழ்வைக் கேட்கிறோம். நிறைவில், உலகமெங்கும் விளங்க வேண்டுமென்று கச்சியப்ப சிவாசாரியார் கேட்பது எதை? சைவ சமயம் என்று அவர் சொல்லவில்லை; சைவநீதி என்றே சொன்னார். திருநீறும் பிரசாதமும் வாங்கும் அவசரத்தில் அந்தச் சொல்லை நாம் விழுங்கிவிடுகிறோம். நீதி என்றால் கோட்டிலே கிடைப்பது என்று நினைத்துப் பழகிவிட்டோம்.

இதை எழுத வேண்டி வந்ததற்கு ஒரு காரணமுண்டு. ஓர் ஆடிச் சுவாதியன்று சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசையில் தடுத்தாட்கொண்ட புராணத்துக்குப் பயன் சொல்லிக்கொண்டிருந்தேன். கதை யாவரும் அறிந்ததே. புத்தூரிலே திருமணப் பந்தல். மணக்கோலத்தில் நம்பியாரூரர். முதிய வேதியர் ஒருவர் தண்டூன்றி வந்து, "இவன் எனக்கு அடிமை, ஓலை இருக்கிறது" என்கிறார். நம்பியாரூரர் ஓலையைப் பறித்துக் கிழித்துப் போடுகிறார். கிழித்தது படியோலை, மூலவோலை என்னிடம் உண்டு என்கிறார் முதியவர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது.

சேக்கிழார் பெருமான் அந்தச் சபையை வருணிக்கும் இடம் சட்டம் படித்தவர்கள் இருந்து வாசிக்க வேண்டிய இடம். வழக்கை மெய்ப்பிக்க மூன்று வழிகளைச் சபையோர் சொல்கிறார்கள். ஆட்சி, அதாவது நெடுங்காலம் நடந்துவரும் வழமை, ஆவணம், அயலாருடைய சாட்சி. இம்மூன்றில் ஒன்றைக் காட்டு என்கிறார்கள். முதியவர் ஓலையைக் காட்டுகிறார். கரணத்தான் வாங்கி வாசிக்கிறான். நம்பியாரூரரின் பாட்டனார் கையெழுத்தோ என்று காப்பிலிருந்த வேறோர் ஓலையோடு ஒத்துப் பார்க்கிறார்கள். ஒத்திருக்கிறது. எதிரே நிற்பவர் யார்? நரசிங்கமுனையரையர் என்னும் மன்னர் எடுத்து வளர்த்த பிள்ளை, கலியாணக் கோலத்தில் நிற்கும் மாப்பிள்ளை. வழக்காளியோ ஊர் பேர் தெரியாத கிழவர். அப்படியிருந்தும் "நம்பியாரூரரே, நீர் தோற்றீர்" என்று தீர்த்தார்கள். முகம் பார்க்காத தீர்ப்பு. இன்றைக்கும் எந்த நீதிமன்றமும் பெருமைப்படக்கூடிய நடைமுறை.

இந்த இடத்தில் நான் சபையைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது, தூணோரமாக இருந்த ஓர் அம்மா எழும்பினார். எங்கள் ஊரவர்தான்.

"மாஸ்ரர், பாட்டன் எழுதி வைச்ச ஓலைக்குப் பேரப்பிள்ளை எப்பிடி அடிமையாவான்? எழுத்துச் சரியோ எண்டு பாத்தவை, எழுதினது சரியோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

நான் அன்று சொன்ன பதில், அது எம்பெருமான் திருவிளையாடல் அம்மா என்பதே. அவர் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டார். எனக்குத்தான் அன்றிரவு நித்திரை வரவில்லை. அவருடைய கேள்வி உலகத்துச் சட்ட அறிஞர் எல்லோரும் இருநூறு ஆண்டுகளாக மோதிக்கொள்ளும் கேள்வி. ஆள்பவன் இட்ட கட்டளையே சட்டம், அது நல்லதோ கெட்டதோ என்பது வேறு விசாரணை என்றார் இங்கிலாந்தின் ஜோன் ஒஸ்ரின், 1832 இல். அதற்கு முன்பே, 1814 இல், சட்டம் ஒரு மக்கட் கூட்டத்தின் பழக்கவழக்கத்திலிருந்து முளைப்பது என்றார் ஜேர்மனியின் சவிக்னி. இவற்றுக்கெல்லாம் மேலே அறம் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு மாறானது சட்டமாகாது என்போர் ஆதிகாலந்தொட்டு இருக்கிறார்கள். இந்த மூன்றையும் பார்க்க நாம் தூர தேசம் போகத் தேவையில்லை. எங்கள் தீவகத்திலேயே பார்க்கலாம்.

முதலாவதற்குச் சான்று நயினாதீவிலே இருக்கிறது. நாகபூசணி அம்பாளைத் தரிசிக்கப் போகிறவர்களிற் பலர் அங்குள்ள கல்வெட்டைக் கவனிப்பதில்லை. 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு தமிழிலே வெட்டுவித்த கட்டளை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை 1963 இல் ஆராய்ந்து வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறையிலே, அதாவது எங்கள் ஊர்காவற்றுறையிலே, வந்து இறங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. மேலும், யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய மரக்கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு.

நல்ல சட்டந்தான். கடலில் எல்லாம் இழந்து கரையேறியவன் வெறுங்கையோடு போகவில்லை. ஆனால் யானைக்கும் குதிரைக்கும் ஏன் தனிச் சலுகை? அவற்றில் தமக்கு விருப்பமிருப்பதால் என்று மன்னரே மறைக்காமல் சொல்கிறார். படைக்கு அவை வேண்டும். அதற்குப் பின், 1244 இல், ஆந்திரக் கரையிலே மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காகதீய மன்னன் கணபதிதேவனும் உடைந்த கலங்கள் பற்றிக் கல்லில் எழுதினான். முன்னிருந்த அரசர்கள் புயலில் ஒதுங்கிய கலங்களின் பொருளையெல்லாம் பறித்தார்கள். நாம் இரக்கத்தாலும் புகழுக்காகவும் புண்ணியத்துக்காகவும் தீர்வையைத் தவிர மற்றதெல்லாவற்றையும் விட்டுவிடுகிறோம் என்ற கருத்துப்பட எழுதினான். இரண்டும் கட்டளை, இரண்டும் கல்லெழுத்து. ஒன்று தேவையிலிருந்து பிறந்தது, மற்றது, புகழாசை சற்றுக் கலந்திருந்தாலும், இரக்கத்திலிருந்து பிறந்தது. ஒஸ்ரினுடைய கணக்கில் இரண்டும் ஒன்றே. கரையிலே நனைந்து நின்ற வியாபாரியின் கணக்கில் ஒன்றல்ல.

இரண்டாவதற்குச் சான்று எங்கள் ஒவ்வொருவர் வீட்டு உறுதிப் பெட்டியிலும் இருக்கிறது. தேசவழமை. ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸ் கேட்டதற்கிணங்க, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் இருந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் எங்கள் ஊர் வழமைகளைத் தொகுத்து 1707 இல் ஒப்படைத்தார். அது தமிழிலே மொழிபெயர்க்கப்பட்டு 12 முதலிமார் கையில் கொடுக்கப்பட்டது. அவர்கள் பார்த்து, எங்கள் வழமை இதுவே என்று ஒப்பினார்கள். ஆங்கிலேயர் 1806 இல் அதற்குச் சட்டவலு கொடுத்தார்கள். முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று இன்றும் நொத்தாரிசு எழுதுவது அதன் வழியே. காணி விற்க முன் உடன்பங்காளருக்கும் உரித்தாளருக்கும் அறிவி என்ற கட்டுப்பாடும் அதிலிருந்து வந்ததே. பங்குக் காணிக்குள் அந்நியன் திடீரென வந்து வேலி போடாமல் காத்த நல்ல வழமை அது.

ஆனால், அடியார்களே, அதே புத்தகத்தில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. எங்களோடு ஒரே கிணற்றடியில் நிற்க வேண்டிய மனிதரை, ஒரே சுவாமியைக் கும்பிடும் மனிதரை, உடைமையாக வைத்து, யாருக்கு யார் பிள்ளை சேரும் என்று கணக்குப் பார்க்கிற பகுதி அது. முதலிமார் பொய் சொல்லவில்லை. அது உண்மையிலேயே வழமையாக இருந்தது. ஆட்சி இருந்தது, ஆவணம் இருந்தது, சாட்சியும் இருந்தது. வெண்ணெய்நல்லூர்ச் சபை கேட்ட மூன்றும் இருந்தன. 1844 இல் ஆங்கில அரசு சட்டம் போட்டு அடிமைமுறையை நீக்கும்வரை அந்த எழுத்து உயிரோடிருந்தது. சிவபூசை செய்யும் நாங்கள் அதை நீக்கவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டத்திலே நீக்கியது மனத்திலே நீங்கியதா? எனக்குச் சிறுவயது. எங்கள் பகுதிக் கோயில் ஒன்றின் தேர்த்திருவிழா. வெளிவீதியில், மதிலுக்கப்பால், கையிலே கற்பூரத்தோடு ஒரு கூட்டம் நின்றது. ஏன் உள்ளே வரவில்லை என்று அப்பாச்சியைக் கேட்டேன். "அது வழமை மோனை" என்றார். அப்பாச்சி கெட்டவர் அல்லர். பிச்சைக்காரனுக்குப் போடாமல் தாம் சாப்பிடாதவர். வழமை என்ற சொல் அவர் வாயை அடைத்திருந்தது. அதற்கு முன்பே, 1957 இல், சாதியைச் சொல்லி ஒருவரைக் கோயிலுக்குள் விடாமல் தடுப்பது குற்றமென்று 21 ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. ஆயினும் 1968 இல் மாவிட்டபுரத்திலே கந்தப்பெருமான் வாசலில் அடியார்கள் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டி வந்தது. திருநாளைப்போவாரை அறுபத்து மூவரில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டே வாசலை மறித்தோம். நிற்க.

இதைக் கேட்டு, அப்படியானால் அரசாங்கச் சட்டமே நீதி, ஊர் வழமை அநீதி என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பாராளுமன்றத்தில் முறைப்படி நிறைவேறியது. மலையகத்திலே தேயிலைக் கொழுந்து பறித்த இலட்சக்கணக்கான எம் உறவுகள் அதனால் நாடற்றவர்களானார்கள். வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. 1953 இல் அங்கும் சட்டம் செல்லும் என்றார்கள். எழுத்தைப் பார்த்தார்கள், எழுத்து சரியாக இருந்தது. எஞ்சியிருந்தவர்களின் குறை தீர 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஹிட்லருடைய காலத்தை அனுபவித்த ராட்புருக் என்னும் ஜேர்மனியச் சட்ட அறிஞர், சகிக்க முடியாத அளவுக்கு அநீதியான சட்டம் நீதிக்கு வழிவிட வேண்டும் என்று 1946 இல் எழுதினார். எங்கள் அப்பரடிகள் பல்லவனுடைய ஆணை கொண்டுவந்த அமைச்சரிடம், தாம் வேறு யாருக்கும் குடியல்ல என்று அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாடி அனுப்பினார். வழமையாயினும் கட்டளையாயினும் உரைத்துப் பார்க்க ஓர் உரைகல் வேண்டும். அந்த உரைகல்லுக்குத்தான் சைவநீதி என்று பெயர் என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். வெண்ணெய்நல்லூர்ச் சபை எழுதினது சரியோ என்று கேட்கவில்லைத்தான். அதன் வேலை ஓலையோடு முடிந்தது. "உமது வீடு எங்கே?" என்று கேட்கிறார்கள். முதியவர் திருவருட்டுறைக் கோயிலுக்குள் போய் மறைகிறார். அப்போதுதான் தெரிகிறது, அடிமை கொண்டவன் யாரென்று. உயிர்கள் அநாதியாகவே பதிக்கு ஆட்பட்டவை என்பது எங்கள் சித்தாந்தம். ஆண்டவன் ஒருவனே ஆண்டான் என்றால், இன்னொரு மனிதன் எப்படி ஆண்டானாக முடியும்? அந்த ஓலை செல்லுமானால் உலகத்திலுள்ள மற்ற அடிமையோலை எதுவுமே செல்லாது. ஓலையைக் காட்டியே ஓலைகளையெல்லாம் கிழித்தான் எம்பெருமான். நம்பியாரூரர் கிழித்தபோது படியோலைதான் கிழிந்தது. அன்றிரவு எனக்குத் தோன்றிய விளக்கம் இது. குற்றமிருந்தால் பெரியோர் பொறுத்தருள்க.

இதைச் சொல்ல நான் அவர் வீட்டுக்குப் போனேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு உள்ளே போய் ஒரு பிளாஸ்ரிக் பையைக் கொண்டுவந்தார். அதற்குள் அவருடைய சீதனக் காணி உறுதி இருந்தது. 1990 இல் தீவை விட்டு எல்லோரும் போனபோது, சட்டிபானையை விட்டுவிட்டு இதைத்தான் எடுத்துக்கொண்டு போனாராம். கணவர் 2009 இல் வன்னியிலே காணாமற்போனவர். இப்போது மகளின் கலியாணத்துக்காகக் காணியில் பாதியை விற்க வேண்டும். வாங்க ஆள் இருக்கிறது. நொத்தாரிசு, புருசன் கையெழுத்து இல்லாமல் எழுத ஏலாது என்கிறாராம். அவரில் பிழையில்லை. தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் சொந்தக் காணியை விற்பதானாலும் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

"மரணச் சேட்டிபிக்கற் எடுங்கோ எண்டு சொல்லீனம். அவர் செத்ததை நான் கண்டனானே? குங்குமத்தை அழிச்சுப்போட்டோ நான் காணி விக்கிறது? ஆரோ எப்பவோ எழுதினதுக்கு நான் கட்டுப்பட்டு நிக்கிறன் மாஸ்ரர். அதுதான் அண்டைக்குக் கேட்டனான்."

நான் தெரிந்ததைச் சொன்னேன். அதே 1911 ஆம் ஆண்டுச் சட்டத்திலே, கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றம் அவனுடைய சம்மதமில்லாமலே அனுமதி கொடுக்கலாம் என்ற வழியும் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்ற சான்றிதழை எடுக்கவும் முடியும். குங்குமத்தை அழிக்கத் தேவையில்லை. இவற்றை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. சட்டத்தரணி ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மனு போட்டாயிற்று. இந்த மலர் உங்கள் கையில் கிடைக்கும்போது இரண்டாம் தவணை வந்திருக்கும். சாட்சிக்கு அயலவர் இருவர் வேண்டுமாம். ஒருவர் நான். மற்றவர், அன்று அப்பாச்சியும் நானும் மதிலுக்குள்ளே நின்றபோது வெளியே கற்பூரத்தோடு நின்ற குடும்பத்தின் பிள்ளை. இப்போது அந்த அம்மாவின் வேலிக்கு அடுத்த காணிக்காரர். கேட்டவுடனே வருகிறேன் என்றார்.