முள் கம்பில் வந்த விடை

வேலூர் ஊரிஸ் கல்லூரியில் தெலுங்குப் பண்டிதராக இருந்த ரங்காச்சாரி, திருவண்ணாமலையில் ரமண மகரிஷியிடம் நிஷ்காம கர்மத்தைப் பற்றிக் கேட்டார். பலனை எதிர்பாராமல் வேலை செய்வது எப்படி? கீதையைப் புரட்டிய எவருக்கும் எழுகிற கேள்விதான். மகரிஷி பதில் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மகரிஷி மலைப்பக்கம் கிளம்பினார். சிலர் பின்னால் போனார்கள். பண்டிதரும் கூடப் போனார். வழியில் ஒரு முள் கம்பு கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு மகரிஷி உட்கார்ந்துவிட்டார். முதலில் முட்களைச் சீவினார். பிறகு கணுக்களை மழித்துச் சமமாக்கினார். கடைசியில் சொரசொரப்பான ஓர் இலையால் கம்பு முழுவதையும் தேய்த்து வழவழப்பாக்கினார். அவசரமே இல்லை. ஏறக்குறைய 6 மணி நேரம் ஆயிற்று. முள்ளாகக் கிடந்தது இவ்வளவு அழகான கோலாகிவிட்டதே என்று எல்லோரும் வியந்தார்கள். அங்கிருந்து புறப்பட்டபோது ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் எதிர்ப்பட்டான். தன் கோலைத் தொலைத்துவிட்டுத் தவித்துக்கொண்டிருந்தான். மகரிஷி கையிலிருந்ததை அவனிடம் கொடுத்துவிட்டு மேலே நடந்தார்.

தன் கேள்விக்குச் செயலிலேயே விடை கிடைத்துவிட்டது என்றார் பண்டிதர்.

இதைச் சொல்லும்போதெல்லாம் மகரிஷியின் பொறுமையைப் போற்றுகிறோம். எனக்குப் பண்டிதரின் பொறுமையும் பெரிதாகத் தெரிகிறது. கேட்டதற்குப் பதில் இல்லையே என்று மனம் சுணங்கி அவர் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. கூட இருந்தவர்கள் பார்த்ததும் அதே கம்பைத்தான், அதே பையனைத்தான். ஆனால் அந்தக் கேள்வியை நெஞ்சில் சுமந்து நின்றவர் பண்டிதர். அதனால் அந்தக் காட்சி அவரோடு பேசியது.

இறைவன் நமக்கு எதையாவது உணர்த்துவதென்றால் கனவில் வரவேண்டும், சன்னதியில் பூ விழவேண்டும் என்று காத்திருக்கிறோம். ஆனால் மகரிஷிக்கே ஞானம் வாய்த்தது 1896 ஜூலையில், மதுரையில் சித்தப்பா வீட்டு மாடி அறையில். அப்போது வயது 16. உடம்புக்கு ஒன்றும் இல்லை. திடீரென்று மரண பயம் பிடித்துக்கொண்டது. டாக்டரைக் கூப்பிடவில்லை. அங்கேயே படுத்து, சாகப்போவது எது என்று உள்ளே பார்க்கத் தொடங்கினார். பிற்காலத்தில் ஆசிரமத்திலும் விடியுமுன்பே சமையற்கட்டில் காய் நறுக்க உட்காருகிறவராகவே இருந்தார்.

நம் கேள்விகள் இன்னும் சின்னவை. பேச்சை நிறுத்திவிட்ட அண்ணனிடம் எப்படிப் போய் நிற்பது? படுக்கையில் கிடக்கும் அம்மாவிடம் எரிந்து விழாமல் இருப்பது எப்படி? கீரை ஆயும்போது நம் விரல்களைப் பாருங்கள். பூச்சி அரித்த இலையை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டு மிச்சத்தைப் பத்திரமாக எடுத்துவைக்கின்றன. அதற்காகக் கட்டு முழுவதையும் நாம் தூக்கி எறிவதில்லை. அண்ணனைப் பற்றிய கேள்வி மனதில் இருக்கிறவருக்கு இதிலேயே விடை உண்டு.

ஒன்றில் எச்சரிக்கை வேண்டும். நமக்குப் பிடித்ததையெல்லாம் கடவுளின் குறிப்பு என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். அந்தக் கோல் கடைசியில் யார் கைக்குப் போனது என்று பாருங்கள். நமக்குள் உதித்த வெளிச்சம் இன்னொருவருக்கு உதவுகிறதா என்று கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்று உங்களை உண்மையாகவே வருத்தும் ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் தேய்ப்பதோ, துணி மடிப்பதோ, கடை திறந்து வாசல் பெருக்குவதோ, ஏதாவது ஒரு வேலையை போனைத் தொடாமல் முழுதாகச் செய்யுங்கள். விடை இன்றே வராவிட்டால், நாளைக்கும் அதே கேள்வியோடு அதே வேலையில் இறங்குங்கள்.