நாய்களின் துன்பமும் நமது கடமையும்

எந்த உயிருக்கும் தீங்கு செய்யலாகாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நோய் வந்தால் நாம் உட்கொள்ளும் மருந்துகளில் பெரும்பாலானவை முதலில் விலங்குகளிடம் பரிசோதிக்கப்பட்டவையே. உடல்நோயை மட்டுமல்ல, மனநோயை விளங்கிக்கொள்ளவும் விலங்குகள் பயன்படுத்தப்பட்டுள்ளன. ஓர் உயிர் வதைபட்டதால் கிடைத்த அறிவை நாம் ஏற்கலாமா? ஏற்றால் அதற்காக நாம் செய்ய வேண்டியது என்ன? புகழ்பெற்ற ஓர் ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டு இதனைச் சிந்திப்போம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்னும் இருவர் விலங்குகள் எவ்வாறு கற்கின்றன என்று ஆராய்ந்து வந்தனர். 1967ஆம் ஆண்டு வெளியான அவர்களது ஆய்வில் நாய்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. முதற் குழுவுக்கு மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டது. தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அது நின்றுவிடும். இரண்டாம் குழுவுக்கும் அதே அளவு மின்னதிர்ச்சிதான். ஆனால் அந்த நாய்கள் என்ன செய்தாலும் அது நிற்காது. மூன்றாம் குழுவுக்கு மின்னதிர்ச்சி இல்லை.

பின்னர் எல்லா நாய்களும் நடுவே தடுப்பு வைத்த ஒரு பெட்டியில் விடப்பட்டன. தடுப்பைத் தாண்டினால் மின்னதிர்ச்சியிலிருந்து தப்பலாம். முதலாம், மூன்றாம் குழு நாய்கள் விரைவிலேயே தாண்டப் பழகிக்கொண்டன. இரண்டாம் குழுவிலோ பெரும்பாலானவை தப்ப முயலவே இல்லை. வேதனையைத் தாங்கிக்கொண்டு அப்படியே கிடந்தன. இதற்குக் 'கற்றறிந்த கையறுநிலை' என்று பெயரிட்டனர். மனிதரைப் பீடிக்கும் மனச்சோர்வு நோயும் இதைப் போன்றதாக இருக்கலாம் என்று செலிக்மன் எடுத்துக் கூறினார்.

அந்த நாய்கள் எவ்வாறு மீண்டன என்பதே நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. மறுபக்கத்தில் நின்று கூப்பிட்டார்கள், உணவு வைத்தார்கள், தடுப்பையே எடுத்தும் பார்த்தார்கள். பயனில்லை. கழுத்தில் வார் கட்டி, மறுபக்கத்துக்குத் திரும்பத் திரும்ப இழுத்துச் சென்ற பின்னரே அவை தாமாகச் செல்லத் தொடங்கின. இதுவும் 1968இல் வெளியாயிற்று.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளின் பின்னர், 2016இல், அதே இருவரும் தமது பழைய விளக்கத்தைத் திருத்தினர். எலிகளின் மூளையில் நடந்த ஆய்வுகளே இதற்குக் காரணம். நீடித்த துன்பத்தின் முன் செயலற்றுப்போவது மூளையின் இயல்பான எதிர்வினை, அது கற்றுக்கொண்டதன்று என்றார்கள். உயிர்கள் கற்றுக்கொள்வது 'இதை என்னால் மாற்ற முடியும்' என்பதையே. அதை உணரும்போது மூளையின் முன்பகுதி அந்தச் செயலற்ற நிலையை அடக்குகிறது.

இதை நமது வீடுகளுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். மனச்சோர்வில் வீழ்ந்து படுக்கையை விட்டு எழாத ஒருவரிடம் நாம் என்ன சொல்கிறோம்? "உனக்கு என்ன குறை? மனத்தைத் தைரியமாக வைத்திரு. எழும்பி வேலையைப் பார்" என்கிறோம். சோம்பல் என்கிறோம், விதி என்கிறோம், ஊரார் அறியக்கூடாது என்று மறைக்கிறோம். இவையெல்லாம் தடுப்பின் மறுபக்கத்தில் நின்று கூப்பிடுவது போன்றவைதான். எழ முடியாமை குணக்கேடு அன்று.

ஆயினும் மனிதர் நாயோ எலியோ அல்லர். அவரைக் கயிறு கட்டி இழுக்க முடியாது. மேலும், துன்பம் வந்தால் 'இது ஏன் எனக்கு வந்தது?' என்று கேட்பவர் மனிதர். 'எல்லாம் என் குற்றம், இது என்றும் மாறாது' என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் பதில் நோயை மேலும் ஆழமாக்கும். செலிக்மனும் அவரது துணை ஆய்வாளர்களும் 1978இல் இதனைத் தமது கொள்கையில் சேர்த்தனர். அந்தப் பதிலை எந்த நாயிடமும் அறிய முடியாது. நோயாளியிடம் பொறுமையாகக் கேட்டே அறிய வேண்டும்.

அப்படியானால் அந்த நாய்களை வதைத்தது சரியா? பயன் விளைந்தது என்பதற்காக வதை வதையன்று ஆகிவிடாது. சம்மதம் கேட்க முடியாத உயிர்களிடமிருந்து எடுக்கப்பட்டது அது. விலங்குகளுக்குப் பதிலாக வேறு வழி தேடுதல், அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்தல், வேதனையைத் தணித்தல் என்னும் மூன்று நெறிகளை ரஸ்ஸல், பேர்ச் என்னும் இரு ஆங்கிலேய அறிஞர் 1959லேயே வகுத்தனர். ஆய்வு செய்வோர் அவற்றை இறுக்கமாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்று கேட்பது நமது உரிமை மட்டுமன்று, கடமையுமாகும்.

ஆனால் நடந்து முடிந்ததை நாம் மாற்ற இயலாது. அதனால் கிடைத்த அறிவை வீணாக்காமல் இருக்க இயலும். அந்த அறிவைக் கையில் வைத்துக்கொண்டே நம் வீட்டுப் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசினால், அந்த உயிர்கள் பட்ட துன்பம் இரண்டாம் முறையும் வீணாகிறது. ஆகவே தூர நின்று புத்தி சொல்வதை விட்டு, அருகே சென்று கைபிடிப்போம். வைத்தியரிடம் கூடவே செல்வோம். இன்று ஐந்து நிமிடம் வெளியே நடக்க முடிந்தால் அதுவே போதும் என்று துணையாக நடப்போம். நாளையும் செல்வோம், மறுநாளும் செல்வோம். வாயில்லா உயிர்களுக்கு நாம் பட்ட கடனைத் தீர்க்க வேறு வழி இல்லை.