எந்தப் பக்கத்துப் பிள்ளை?

ஆண்டின் முதல் வாரத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவரின் விபரங்களைத் திரட்டிக்கொண்டிருந்தேன். ‘இனம்’ என்ற இடத்தை ஒரு மாணவன் வெறுமையாக விட்டிருந்தான். தந்தை தமிழர், தாய் சிங்களவர்.

“என்னத்தை எழுதிறது, சேர்? அப்பாவைப் போட்டா அம்மா எங்க?”

நான் ‘தமிழ்’ என எழுதிவிட்டு அடுத்தவனை அழைத்தேன். வேலை முடிந்தது, கேள்வி முடியவில்லை.

வகுப்பிலே சிலர் அவனைச் ‘சிங்களவன்’ என்பர். தாயின் ஊரிலோ அவன் ‘தெமள’. இரு மொழிகளையும் சரளமாகப் பேசுபவன் எங்கள் வகுப்பில் அவன் ஒருவனே. வேறொருவனிடம் கல்வி எனப் போற்றப்படும் அவ்வாற்றல், அவனிடம் மாத்திரம் சந்தேகத்துக்கு உரியதாகிறது.

தாய்மொழிக் கல்வி நாம் விரும்பிக் கோரியது. 1945இல் வந்த இலவசக் கல்வியோடு இணைந்து, ஆங்கிலம் கற்ற சிலரின் ஏகபோகத்தைத் தகர்த்து, உழைப்பவன் வீட்டுப் பிள்ளைக்கும் கல்வியின் கதவைத் திறந்தது அதுவே. ஆயினும், மொழிவழியே பிள்ளைகளைப் பிரித்தமர்த்தியபோது, இரு மொழிகளுக்கும் உரிய பிள்ளையை நாம் எண்ணிப் பார்த்தோமா? சொல்லின் நேர்ப்பொருளில் அவனது தாய்மொழி சிங்களமன்றோ?

தென்னாபிரிக்காவில் 1950ஆம் ஆண்டுச் சட்டமொன்று ஒவ்வொருவரையும் ஓர் இனமாகப் பதிவுசெய்தது. வெள்ளையராகப் பதியப்பட்ட பெற்றோரின் மகள் சான்ட்ரா லெயிங், நிறமும் தலைமயிரும் வேறுபட்டிருந்தமையால், 1966இல் தன் பத்தாவது வயதில் வெள்ளையர் பாடசாலையிலிருந்து வெளியேற்றப்பட்டாள். அவளைக் ‘கலப்பினத்தவள்’ ஆக்கிய அரசு, அடுத்த ஆண்டே மீண்டும் ‘வெள்ளையர்’ ஆக்கியது. சிறுமி மாறவில்லை, பதிவேடே மாறிற்று. அச்சட்டம் 1991இல் நீக்கப்பட்டது. நமது படிவம் அத்தகைய கொடுமையன்று. ஆனால், மனிதனைப் பார்க்குமுன் அவனுக்குரிய பெட்டியைத் தேடும் மனப்பான்மை இரண்டுக்கும் பொதுவானது.

அவனைப் பாதித் தமிழன், பாதிச் சிங்களவன் என்பதும் தவறே. பங்கு பிரிப்பதற்குப் பிள்ளை காணியன்று. இரு மரபுகளும் அவனுக்கு முழுமையாகவே உரியன. ‘நீ எந்தப் பக்கம்?’ என்று கேட்கும் நாமே, பக்கங்கள் ஏன் வேண்டுமென்பதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

மறுவாரம் அவனை அழைத்து, அவன் முன்னிலையிலேயே இரண்டையும் எழுதினேன். இடம் போதாமல் ஓரத்திலும் எழுத நேர்ந்தது. படிவம் திரும்பி வரக்கூடும். மீண்டும் அவ்வாறே எழுதுவேன். அதனிலும் கடினமான வேலை வகுப்பறையில் இருக்கிறது: அவனைச் ‘சிங்களவன்’ என்று அழைத்தபோதெல்லாம் கேளாதவன்போல் இருந்தவனும் நானே.