பெற்றோர் பொறுப்பும் போர் விளையாட்டும்

சித்தூருக்கு அருகே, பாகுதா நதிக்கரையில் அமைந்த காணிப்பாக்கம் விநாயகர் ஆலயம் சத்தியப் பிரமாணத்திற்குப் பெயர் பெற்றது. வழக்குடையோர் அங்கே நீராடித் தம் சொல் உண்மையென ஆணையிடுவர். மதுவை விட விழைவோரும் அங்கே உறுதி கூறுவர். அறிந்தவன் தான் அறிந்ததைச் சொல்லுகிறான் என்பதே அவ்வாணையின் மதிப்பு. அறியாததற்குச் சாட்சி நிற்பவன் பொய்ச்சாட்சியே ஆவான். இவ்வளவுகோலைக் கொண்டு நம் இல்லங்களில் நிகழும் ஒன்றை ஆராய்வோம்.

‘பப்ஜி’ என்னும் கைப்பேசி விளையாட்டில் நூறு பேர் ஒரு தீவில் இறங்கி, ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்துவர்; இறுதியில் எஞ்சியவரே வென்றவர். 2020 செப்டம்பர் 2ஆம் நாள் இந்திய அரசு இதனைத் தடை செய்தது. கூறிய காரணம் நாட்டின் பாதுகாப்பேயன்றிச் சிறுவர்தம் மனநலமன்று. 2021 ஜூலையில் அதே ஆட்டம் ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்னும் புதுப்பெயருடன் வந்தது. குருதியின் சிவப்பு பச்சையாயிற்று. 18 வயது நிரம்பாதோர்க்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் என வரம்பு வகுக்கப்பட்டது. பெற்றோரின் தொலைபேசி எண்ணும் கேட்கப்பட்டது. 2022 ஜூலையில் மீண்டும் தடை. 2023 மே மாதத்தில் மீண்டும் வருகை. பெயரும் நிறமும் மாறின, செயல் மாறவில்லை.

அந்த எண்ணைத் தரும் தாயும் தந்தையும் அவ்வாட்டத்தை ஒருமுறையேனும் கண்டதுண்டோ? காணாது தந்த இசைவு, காணாத வழக்கில் சொன்ன சாட்சியை ஒக்கும்.

‘விளையாட்டில் சுடுபவன் வெளியிலும் சுடுவானோ?’ எனச் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. கத்துதல், தள்ளுதல் போன்ற முரட்டுத்தனத்தோடு இவ்விளையாட்டுகளுக்குச் சிறு தொடர்பு உண்டெனினும், கொடுங்குற்றங்களுக்கு இவையே காரணம் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் கூறியது. ஆகவே பிள்ளை கொலைஞனாவான் என அஞ்சுதல் மிகை. ஆனால் குற்றம் நிகழாமை ஒன்றே நல்வளர்ப்பின் அளவாகாது. ஒரே செயலை ஆயிரம் முறை செய்யும் மனம் அதன் சுவையில் தோய்கிறது. ஒவ்வொரு புதிய பதிப்பும் புதிய உடையையும் துப்பாக்கியையும் காட்டி, சலித்துப்போன ஆசையை மீண்டும் எழுப்புகிறது. ஆசைக்குப் ‘போதும்’ என்னும் சொல் தெரியாது; அச்சொல்லைக் கற்பிக்க வேண்டியவர் யார்?

சிகாலோவாத சூத்திரம் பெற்றோரின் கடமைகளை ஐந்தென வகுத்து, தீமையினின்று பிள்ளையை விலக்குதலை முதலில் வைத்தது. விலக்குதல் என்பது கருவியைப் பறித்தலன்று. பெருந்தொற்றுக் காலத்தில் பாடத்தின் பொருட்டு அக்கருவியைப் பிள்ளைகளின் கையில் தந்தவர் பெற்றோரே. உழைத்துக் களைத்து வருவோர்க்கு, சத்தமின்றி மூலையில் அமர்ந்திருக்கும் பிள்ளை ஆறுதலாகத் தோன்றுவதும் இயல்பே. எனினும் அரசின் தடை வரும், போகும். நிறுவனத்தின் வரம்பைப் பொய்யான வயது ஒன்று கடந்துவிடும். நிலைத்து நிற்கும் காவல் பெற்றோரின் கண்ணே என நாம் கருதுகிறோம்.

ஆதலின் ஒரு மாலையேனும் பிள்ளையின் அருகமர்ந்து அவ்வாட்டத்தை முழுதும் காண்க. வீழ்ந்தவன் யார், அவனை வீழ்த்தியதில் எய்திய மகிழ்ச்சி யாது என்று அன்புடன் வினவுக. பின்னரே இசைவோ மறுப்போ கூறுக. அறிந்து கூறிய மறுப்பைப் பிள்ளையும் மதிக்கும். அறியாது கூறிய தடையை அது மறைவில் மீறும்.