கவனமும் பதிவேடும்

‘அட்-ரிஸ்க்’ மாணவன் என்று அமெரிக்கக் கல்வித்துறையில் ஒரு பிரயோகம் இருக்கிறது. படிப்பை முடிக்காமல் நின்றுவிடக்கூடியவன் என்பது அதன் நடைமுறைப் பொருள். கல்வி பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஒரு கருணைச் சொல்லாகவே கையாளுகிறார்கள். வங்கியில் வேலை பார்ப்பவனுக்கு அது அப்படிக் கேட்பதில்லை. ரிஸ்க் என்பது கடன் கொடுக்கிறவனும் இன்ஷூரன்ஸ்காரனும் வளர்த்த சொல். ஒரு கணக்கில் ரிஸ்க் இருக்கிறது என்று நாங்கள் சொல்லும்போது கடன் வாங்கியவனின் வீடு ஏலத்துக்கு வரப்போவதை நினைத்துச் சொல்வதில்லை. வங்கியின் பணம் திரும்பாமல் போகலாம் என்பதே பொருள். கணக்கு அவனுடையது, ஆபத்து எங்களுடையது.

ஆகவே இந்தச் சொல்லைக் கேட்டதும் எழவேண்டிய முதல் கேள்வி: ஆபத்து யாருக்கு?

1983 ஏப்ரலில், ரீகன் ஆட்சிக் காலத்தில், கல்வியை ஆராய நியமிக்கப்பட்ட ஒரு தேசியக் கமிஷன் தன் அறிக்கையை வெளியிட்டது. ‘எ நேஷன் அட் ரிஸ்க்’ என்பது தலைப்பு. ஆபத்தில் இருப்பது தேசம். ஜப்பான்காரன் நல்ல கார் செய்கிறான், கொரியாக்காரன் உருக்காலை கட்டுகிறான், ஜெர்மன் இயந்திரக் கருவிகள் சந்தையைப் பிடிக்கின்றன, நம் பிள்ளைகள் படிக்கவில்லை – இதுதான் அதன் கவலை. பின்வந்த ஆண்டுகளில் அதே சொல் தேசத்தை விட்டுக் குழந்தையின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. இன்று டெக்சாஸ் மாநிலக் கல்விச் சட்டத்தில் யார் யார் ‘அட்-ரிஸ்க்’ என்று பட்டியலே உண்டு. வகுப்பில் தேறாமல் தங்கியவன், கர்ப்பிணி, குழந்தை பெற்றவள், பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவன், பரோலில் இருப்பவன், வீடற்றவன், ஆங்கிலம் இன்னும் வசப்படாதவன். இவற்றில் அநேகமாக எல்லாமே ஆசிரியர் அவனைச் சந்திக்கும் முன்பு நடந்து முடிந்தவை. சந்திப்புக்கு முன்பே தீர்ப்பின் முதல் பக்கம் எழுதியாகிவிட்டது.

இதை வெறும் சொல்லாராய்ச்சியாக விட்டுவிடலாம், ஆன்லைன் பள்ளி என்ற ஒன்று வராமல் இருந்திருந்தால். ஃப்ளோரிடா விர்ச்சுவல் ஸ்கூல் 1997இல் தொடங்கியது. தன் ஊர்ப் பள்ளியில் இல்லாத பாடத்தைப் படிக்க விரும்பும் மாணவனுக்கு இந்த ஏற்பாடு பயன்பட்டது. பிறகு முழுநேர ஆன்லைன் பள்ளிகள் பெருகின. வேறு எங்கும் நிற்க முடியாதவர்களில் பலருக்கு அவை கடைசிக் கதவாயின. ஸ்டான்ஃபோர்டின் கிரெடோ ஆய்வு மையம் 2015இல் ஆன்லைன் சார்ட்டர் பள்ளிகளைப் பற்றிச் சொன்ன கணக்கு கடுமையானது. சாதாரணப் பொதுப்பள்ளியில் படிக்கும் ஒத்த மாணவனோடு ஒப்பிட, இங்கே படிப்பவன் ஓராண்டில் வாசிப்பில் 72 நாள் படிப்பையும், கணிதத்தில் 180 நாள் படிப்பையும் இழக்கிறான். அமெரிக்கப் பள்ளியாண்டே ஏறக்குறைய 180 நாள்தான். கணிதத்தைப் பொறுத்தவரை, பள்ளிக்கே போகாததற்கு அது சமம்.

இந்தக் கடைசிக் கதவுக்குப் பின்னால் நிற்கும் ஆசிரியருக்கு மாணவனின் முகம் கிடைப்பதில்லை. காமிரா அணைக்கப்பட்ட கறுப்புச் சதுரம் கிடைக்கிறது. அதற்கு ஈடாக ஒரு டாஷ்போர்டு கிடைக்கிறது. கடைசியாக உள்ளே வந்த தேதி, இருந்த நிமிடங்கள், பாக்கி வைத்த பயிற்சிகள். பச்சை, மஞ்சள், சிவப்பு. வங்கியிலும் காலையில் இப்படி ஒரு பட்டியல் வரும். தவணை தவறி 30 நாள் வரை ஒரு வகை, 60 நாள் வரை ஒரு வகை, 90 நாள் வரை ஒரு வகை. அதையும் தாண்டினால் வராக்கடன். சிறப்புக் குறிப்புக் கணக்கு (ஸ்பெஷல் மென்ஷன் அக்கவுன்ட்) என்பதுதான் இந்த வகைகளுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் பெயர். கவனம் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது யோசிக்கத் தக்கது.

இந்த வண்ணங்கள் எதைச் சொல்கின்றன? அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ‘கோர்ஸ் ஸிக்னல்ஸ்’ என்று ஒரு மென்பொருள் உருவானது. போக்குவரத்து விளக்கைப் போல மாணவனுக்கு நிறம் காட்டும். இதைப் பயன்படுத்திய வகுப்புகளை அதிகம் எடுத்தவர்கள் படிப்பைத் தொடர்ந்தார்கள் என்று பெருமையாகச் சொல்லப்பட்டது. 2013இல் சிலர் கணக்கைக் கிளறினார்கள். ஸிக்னல் இருந்ததால் தொடர்ந்தார்களா, தொடர்ந்ததால் ஸிக்னல் இருந்த வகுப்புகள் அதிகம் சேர்ந்தனவா? விளக்குக்குப் பதில் மாணவர்களுக்குச் சாக்லேட் கொடுத்ததாக வைத்துக் கணக்கிட்டாலும் இதே முடிவு கிடைக்கும் என்று காட்டப்பட்டது. இதில் மோசடி இல்லை. எண்களைப் பார்த்துக்கொண்டே இருப்பவனுக்கு, அவை எதன் நிழல் என்பது மறந்துபோகிறது. அவ்வளவுதான்.

என் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி அங்கே தென்மாநிலம் ஒன்றில் இருக்கிறாள். 2022இல் ஓர் ஆன்லைன் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்தாள். அவளிடம் ஒப்படைக்கப்பட்ட மாணவர்கள் நூற்றைம்பது பேர். சிவப்பில் இருப்பவர்களைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். அழைத்த தேதி, நேரம், பேசியவர், பேச்சின் சாரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். முதல் மாதம் முழுவதும் பயனில்லாத எண்களும் பதிலில்லாத மின்னஞ்சல்களும்தான். இரண்டாம் மாதம் அவள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: “அண்ணா, சிவப்பைப் பார்த்தா இப்ப எனக்கு ஒண்ணும் தோணலை. பச்சையைப் பார்த்தாத்தான் பயமா இருக்கு.”

சிவப்பில் ஒரு பெண். பதினேழு வயது, கையில் குழந்தை. காலைப் பத்து மணி வகுப்புக்கு ஒரு நாளும் வந்ததில்லை. பாடத்தைக் கைபேசியில் இறக்கிவைத்துக்கொண்டு, குழந்தை தூங்கிய பிறகு நள்ளிரவில் படிப்பாள். அந்த நிமிடங்கள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஸ்டைன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ பாடம். தொலைபேசியில் அதைப் பற்றிக் கேட்டபோது அவள் சொன்ன முதல் விஷயம்: பண்ணை முதலாளி மகனின் மனைவிக்குப் புத்தகம் முழுக்கப் பெயரே இல்லை, எல்லாரும் அவளைக் கணவன் பெயரைச் சொல்லித்தான் குறிப்பிடுகிறார்கள். உண்மை அதுதான். விமர்சகர்கள் எவ்வளவோ எழுதியிருக்கிற இடம் அது. பட்டியலில் சிவப்பு வரியாக இருந்த ஒருத்தி அதைத் தானாகவே கண்டுகொண்டாள்.

பச்சையில் ஒரு பையன். தினம் நான்கு மணி நேரம் உள்ளே இருப்பான். பயிற்சிகள் நாள் தவறாமல் வரும். அவனிடம் பாடத்தைப் பற்றிக் கேட்டால் மௌனம். மூன்றாம் முறை அழைத்தபோது சொன்னான். அவன் இரவில் ஒரு கிடங்கில் சாமான் அடுக்குகிறான். வீட்டு வாடகை அதிலிருந்து போகிறது. அவனுடைய பெயரில் உள்ளே வந்து பயிற்சிகளை எழுதுவது எட்டாம் வகுப்புப் படிக்கும் அவன் தங்கை. சொல்லி முடித்துவிட்டு ஒன்று கேட்டான்: இதை எழுதவேண்டாம்.

பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. மாணவனை எப்படிக் கவர்வது, எப்படி வகுப்பில் ஈடுபடுத்துவது என்பவை உத்தி சம்பந்தமான கேள்விகள். அவற்றுக்குக் கையேடுகள் உண்டு. அவன் பேசிய பிறகு என்ன செய்வது என்பது ஒழுக்கம் சம்பந்தமான கேள்வி. கவனத்தால் கிடைத்தது பதிவேட்டில் ஏறும்போது என்னவாகிறது? அவன் ஒரு மனுஷிக்குச் சொன்னான். எழுதினால் அது ஒரு ஸ்தாபனத்துக்குத் தெரிந்ததாகிறது. எழுதிய வரியில் அவன் குரலோ, தயக்கமோ, மூன்றாவது அழைப்பு வரை அவன் காத்திருந்ததோ இருக்காது. பொய் வருகை என்ற செய்தி மட்டும் இருக்கும்.

ஸிமோன் வெய்ல் 1931இல் ல புய் ஊரின் பெண்கள் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தவர். 1942இல் எழுதிய ஒரு கட்டுரையில், பள்ளிப் படிப்பின் உண்மையான பயன் கவனம் என்ற சக்தியை வளர்ப்பதே என்றார். துன்பப்படுகிறவனைப் பார்க்கத் தேவைப்படுவதும் அதே சக்திதான் என்பது அவர் வாதம். தன்னை வெறுமையாக்கிக்கொண்டு மற்றவன் இருக்கிறபடியே அவனை ஏற்பது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெய்லின் கவனத்துக்குக் குறிப்பேடு கிடையாது. இன்றைய ஆசிரியை ஒரு கையால் கவனிக்கவும் மறு கையால் பதியவும் கடமைப்பட்டவள்.

கவனம் தன்னளவில் நல்லது என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் சோதிக்க வேண்டும். நம்மிடம் தொலைநிலைக் கல்வியின் ஆதிக்கதை ஒன்று இருக்கிறது. ஏகலைவன் ஆசிரியரின் முகம் இல்லாமல், ஓர் உருவத்தின் முன்னால் நின்று கற்றவன். துரோணர் அவனைக் கவனிக்காத வரை அவன் கல்வி நன்றாகவே நடந்தது. குரைத்த நாயின் வாய் அம்புகளால் அடைபட்டதைப் பாண்டவர்கள் பார்த்தார்கள், அர்ஜுனன் முறையிட்டான், துரோணர் வந்தார். அதுதான் அவர் அவனை உண்மையில் கவனித்த முதல் தருணம். கவனித்ததும் அவர் கண்டது ஓர் ஆபத்தை – அர்ஜுனனின் இடத்துக்கு வந்த ஆபத்தை. கட்டைவிரல் போயிற்று. கட்டைவிரலைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இங்கே நான் கவனிப்பது அந்தப் பார்வையின் வகையை மட்டுமே. கற்கிறவனை ரிஸ்க் என்று பார்க்கும் கண் அவனை மிகக் கூர்மையாகவும் பார்க்கக்கூடும்.

அப்படியானால் எழுதாமல் விட்டுவிடுவதே மேல் என்று சொல்லத் தோன்றும். நம் சிறுபத்திரிகை வட்டத்தில் அநேகமாக எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். நமக்கு ஸ்தாபனம் என்றாலே ஒவ்வாமை. தனிமனிதனுக்கும் தனிமனிதனுக்கும் இடையே நிகழ்வது மட்டுமே நிஜம் என்று நம்பப் பழகியிருக்கிறோம். ஆனால் இந்த மௌனத்தின் செலவு யார் கணக்கில்? அந்த எட்டாம் வகுப்புச் சிறுமியின் கணக்கில். அவள் இரண்டு பள்ளிகளின் பாடத்தை எழுதுகிறாள். ஒன்றுக்குப் பெயரும் இல்லை. டாஷ்போர்டின் பச்சை ஒளி அவளுடைய தூக்கத்தில் எரிகிறது. அடுத்த ஆண்டு என் தங்கை வேலையை விட்டுப் போனால், வருகிற ஆசிரியைக்கு அந்தப் பையன் நல்ல மாணவன். அவன் மறுபடி முதலிலிருந்து மூன்று அழைப்புகளுக்குக் காத்திருக்க வேண்டும், மூன்றாவது அழைப்பு வந்தால். பதிவேடு என்பது ஸ்தாபனத்தின் ஞாபகம். ஞாபகமில்லாத ஸ்தாபனமும் கொடுமையானதுதான்.

ஆக, எழுதுவதா வேண்டாமா என்று கேட்பதில் பயனில்லை. எழுதப்படும் வாக்கியத்தின் இலக்கணத்தைக் கேட்க வேண்டும். பதிவேட்டு வாக்கியங்கள் பெரும்பாலும் படர்க்கையில் இருக்கும்: மாணவன் ஈடுபாடு காட்டவில்லை, மாணவன் இரவு வேலை பார்க்கிறான், மாணவன் நேர்மையற்ற முறையில் வருகை தந்தான். இவை எழுதப்பட்டவனைக் கட்டுகின்றன. எழுதியவரை எதிலும் கட்டுவதில்லை.

கலிஃபோர்னியா மாநிலம் 2019இல் ஒரு சட்டம் இயற்றி, தன் கல்விச் சட்டத்தில் ‘அட்-ரிஸ்க்’ என்று இருந்த இடங்களில் ‘அட்-ப்ராமிஸ்’ என்று மாற்றியது. 2020 ஜனவரியிலிருந்து அமல். நல்லெண்ணம்தான். ஆனால் ப்ராமிஸ் என்பதும் வங்கிச் சொல் என்பதை மறந்துவிட்டார்கள். ரிசர்வ் வங்கி நோட்டில், வைத்திருப்பவருக்கு இத்தனை ரூபாய் தருவேன் என்ற வாக்கும் அதன் கீழே கவர்னரின் கையெழுத்தும் இருக்கின்றன. ஒரு ரூபாய் நோட்டு அரசாங்கம் வெளியிடுவது. அதில் அந்த வாக்கு கிடையாது. வாக்கு என்பது தாளின் குணம் அல்ல, கையெழுத்திட்டவரின் பொறுப்பு. ஒரு பையனை ‘வாக்குறுதியுள்ளவன்’ என்று அழைத்தால், வாக்குக் கொடுத்தது யார்? கையெழுத்து எங்கே? இடத்தைக் காலியாக விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் மாற்றினால் அது செல்லாத நோட்டு.

என் தங்கை செய்ததைத் தீர்வு என்று முன்வைக்க மாட்டேன். அவள் அவனிடம், நான் எழுதத்தான் போகிறேன், எழுதப்போவதை முதலில் உனக்கு வாசித்துக் காட்டுகிறேன் என்றாள். வாசித்தாள். அவன் வேலை நேரம் அதில் இருந்தது. தங்கை எழுதிய பயிற்சிகள் கணக்கில் சேராது என்பதும் இருந்தது. பிறகு தன்மையில் இரண்டு வாக்கியங்கள்: அவனுக்கு மாற்று நேரம் கேட்டு நான் விண்ணப்பிக்கிறேன். வியாழன்தோறும் வேலைக்குக் கிளம்புமுன், இரவு ஒன்பது மணிக்கு நான் அவனை அழைப்பேன். அந்தப் பதிவை யார் திறந்து பார்த்தாலும் அவன் செய்ததோடு அவள் செய்யவேண்டியதும் கண்ணில் படும். அவள் அழைக்கத் தவறினால் பதிவேடு அவளுக்கு எதிரான சாட்சி.

பையன் பச்சையிலிருந்து சிவப்புக்குப் போனான். பன்னிரண்டு வியாழக்கிழமைகளில் ஏழில் எடுத்துப் பேசினான். பாடத்தில் பாதியை முடித்தான், தன் கையாலேயே. பள்ளியின் கணக்கில் இது தோல்வியாகவே பதிவாயிற்று.

இதில் நெகிழ்வதற்கு ஒன்றுமில்லை. கணக்குத்தான் போட வேண்டும். ஒருவனுக்கு வாரம் பத்து நிமிடம் என்று வைத்தால், நூற்றைம்பது பேருக்கு 1500 நிமிடம். அதாவது 25 மணி நேரம், பாடம் நடத்தாமல், ஒரு தாள் திருத்தாமல், வெறும் வாக்கைக் காப்பாற்ற மட்டும். எந்த ஆசிரியையாலும் இது ஆகாது. ஆகவே அவள் நூற்றைம்பதில் சிலருக்கு மட்டும் தன்மையில் எழுதுவாள். மற்றவர்கள் படர்க்கையிலேயே இருப்பார்கள். யார் அந்தச் சிலர் என்பதை மறுபடியும் ஒரு பட்டியல்தான் தீர்மானிக்கும்.

ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்பதை நாம் நிர்வாக விஷயம் என்று ஒதுக்கிவிடுகிறோம். அன்பு, அர்ப்பணிப்பு போன்றவற்றை ஒழுக்க விஷயங்கள் என்று கட்டுரை எழுதுகிறோம். ஒருவரால் எத்தனை வாக்குகளைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்கு மேல் ஒரு பெயரைச் சேர்க்கிறவர், வேறொருவரின் வாக்கை அவருடைய அனுமதியின்றிப் பொய்யாக்குகிறார். அதைச் செய்பவர் டாஷ்போர்டில் எந்த நிறத்திலும் வருவதில்லை.