அஞ்சேல் என்னும் கரம்

நம் ஆலயங்களில் இறைவனின் ஒரு கரம், உள்ளங்கை நம்மை நோக்கியபடி உயர்ந்திருப்பதைக் காண்கிறோம். ‘அஞ்சேல்’ என்று அருளும் அபயகரம் அது. பகவத் கீதையின் 16-ஆம் அத்தியாயத்தில் தெய்விகப் பண்புகளை வரிசைப்படுத்தும் பகவான், முதலாவதாகக் கூறுவதும் அபயமே. தான் அஞ்சாதிருப்பது ஒரு பண்பு. பிறர் தன்னிடம் அஞ்சாதிருக்கும்படி வாழ்வது அதனினும் உயர்ந்தது. துறவு ஏற்பவர் எல்லா உயிர்களுக்கும் அபயம் அளிப்பது நம் மரபு. இல்லறத்தாராகிய நாம், நம் வீட்டுக் குழந்தைக்கேனும் அபயம் அளித்திருக்கிறோமா?

பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். கைபேசி விளையாட்டின் வழியே ஒருவன் அறிமுகமாகிறான். தானும் அவள் வயதினனே என்கிறான். அவளைப் பாராட்டுகிறான், அவள் மனக்குறைகளைப் பொறுமையாகக் கேட்கிறான். சில நாட்களில், ‘இது நம் இருவருக்குள் இருக்கட்டும்’ என்கிறான். பின்னர் ஒரு படம் கேட்கிறான். படம் கிடைத்ததும் அவன் பேச்சு மாறுகிறது: ‘சொன்னபடி கேள்; இல்லையேல் உன் தந்தைக்கு அனுப்பிவிடுவேன்.’ சிறுவர்களிடம் இதே முறையில் பணம் கேட்டு மிரட்டுவதும் உண்டு.

அந்தக் கயவனின் ஆயுதம் எது என்று சிந்திக்க வேண்டும். தந்தையிடம் மகளுக்குள்ள அச்சத்தையே அவன் ஆயுதமாக ஏந்துகிறான். அதை அவன் கையில் கொடுத்தவர்கள் நாம்.

வெட்கம் யாருக்கு உரியது?

‘படத்தை அனுப்பியது குழந்தைதானே? அதன்மீதும் தவறில்லையா?’ என்று சிலர் கேட்கலாம். அறியாமை வேறு, அதர்மம் வேறு. நல்லவன்போல் வந்த கள்வனுக்குக் கதவைத் திறந்துவிட்ட குழந்தையை யாரும் கள்வன் என்பதில்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும், பதினெட்டு வயது நிரம்பாத அனைவரையும் குழந்தை என்றே கொண்டு பாதுகாக்கிறது.

‘நான் பார்க்க மட்டுமே செய்தேன்’ என்போரும் உளர். குழந்தைகளின் இத்தகைய படங்களைத் தனிமையில் வைத்திருப்பதும் பார்ப்பதும் குற்றமன்று என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை, 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவற்றை ஆபாசப் படங்கள் என்று அழைப்பதும் பொருந்தாது. அவை குழந்தைகள்மீது நடந்த பாலியல் சுரண்டல், கொடுமை ஆகியவற்றின் பதிவுகள் என்று அது சுட்டிக்காட்டியது. சரியான பெயரைச் சொன்னதும், வெட்கம் அதற்கு உரியவரிடம் சென்று சேர்கிறது.

நாம் செய்ய வேண்டுவன

கைபேசியைத் திடீரென மறைத்தல், உறக்கமின்மை, காரணமற்ற கோபம் அல்லது அழுகை, பள்ளிக்குச் செல்ல மறுத்தல், யாரோ அளித்த பரிசுகள் ஆகியவை எச்சரிக்கைகளாக இருக்கலாம். இவற்றைக் கண்டவுடன் விசாரணை நடத்தாமல், அருகில் அமர்ந்து அன்புடன் கேட்க வேண்டும்.

குழந்தை வாய்திறந்தால் முதற்சொல், ‘என்னிடம் சொன்னது நல்லது, இது உன் குற்றமன்று’ என்பதாக இருக்கட்டும். மிரட்டுபவனுக்குப் பணம் தரலாகாது. அவன் அனுப்பிய செய்திகளையும் கணக்கின் பெயரையும் அழித்துவிடாமல் காவல்துறையிடம் காட்ட வேண்டும். படத்தையோ, உதவி நாடும் எண்ணத்துடன்கூட, யாருக்கும் அனுப்பக் கூடாது. இணையவழிக் குற்றங்களுக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098 ஆகிய எண்கள் உள்ளன. ‘குடும்ப மானம்’ கருதி மறைப்பதைச் சட்டம் ஏற்பதில்லை. குற்றத்தை அறிந்தவர் தெரிவித்தாக வேண்டும் என்கிறது போக்சோ. குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதையும் அதுவே தடுக்கிறது.

எனினும் இவையெல்லாம் குழந்தை பேசிய பின்னரே பயன்படும். அது பேசுமா என்பது, பல ஆண்டுகளுக்கு முன்பே நம் வீட்டில் முடிவாகிவிடுகிறது. கை தவறிக் குவளையை உடைத்த நாளில் நம் முகம் எப்படி இருந்தது? குறைந்த மதிப்பெண்ணை மறைக்காமல் சொன்ன நாளில் உண்மைக்கு நாம் அளித்த பரிசு என்ன? சிறிய பிழையைச் சொல்ல அஞ்சிய குழந்தை, பெருந்துயரத்தை எங்ஙனம் சொல்லும்?

ஆலயத்தில் அபயகரத்தின்முன் கைகூப்பி நிற்கும் நாம், வீடு திரும்பியதும் அக்கரத்தை நம் குழந்தைக்குக் காட்டுவோம்.