கல்லைத் தொட்ட கை

மனத்தில் இல்லாத நம்பிக்கையைக் கையால் காட்டுவது பொய்யாகுமா? பஞ்சசீலத்துள் நான்காவது சீலம் நாவை மட்டும்தான் காக்கின்றதா? வியத்நாம் நாட்டில் ஒரு மலைக்குகையின் நடுவே நின்றபோது இவ்வினா எம்மைப் பற்றிக்கொண்டது.

எம் மகன் மணந்தது வியத்நாமியப் பெண்ணை. சம்பந்தியார் ஹனோய் நகரத்தார், வழிவழியாகப் பௌத்தர். அவர்களுடைய சந்திர ஆண்டின் முதல் மாதத்தில் எம் இருவரையும் ஹுவோங் திக் குகைக்கு அழைத்துச் சென்றனர். நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். சாலை முடிந்ததும் யென் ஓடையில் படகேறி, சுண்ணாம்புக் குன்றுகளுக்கிடையே ஒரு மணி நேரம் செல்ல வேண்டும். பிறகு மலையேற்றம். கம்பிவட ஊர்தி இருந்தும் சம்பந்தி அம்மாள் அதனை ஏற்கவில்லை. யாத்திரை என்றால் நடக்கத்தான் வேண்டுமாம்.

குகைவாயிலில் 1770ஆம் ஆண்டில் திரின் சாம் என்னும் ஆட்சியாளர் பொறிப்பித்த எழுத்துகள் உள்ளன. தென்னாட்டு வானின்கீழ் இதுவே முதற்குகை என்று அவை கூறுகின்றன. உள்ளே அவலோகிதர், குவான் ஆம் என்னும் பெண்வடிவில் வணங்கப்படுகிறார். தந்தை வற்புறுத்திய திருமணத்தை மறுத்துத் துறவு பூண்ட இளவரசி ஒருத்தி இக்குகையில் தவமிருந்தாள். தன்னைத் துன்புறுத்திய அதே தந்தை நோயுற்றபோது தன் கண்களையும் கைகளையும் ஈந்தாள் என்பது அந்நாட்டுக் கதை. ஊதுவத்தி ஏற்றி அங்கே தலைவணங்க எமக்குத் தடையேதும் தோன்றவில்லை. கருணையை வணங்குவதில் என்ன குற்றம்?

இடர்ப்பாடு அதற்கப்பால் இருந்தது. குகைக்குள் நீர் சொட்டிச் சொட்டி வளர்ந்த சுண்ணாம்புக் கற்கள் பல. ஒன்றுக்கு நெற்குவியல் என்று பெயர். வேறொன்று பொன்மரம், மற்றொன்று வெள்ளிமரம். ஆண்மகவு வேண்டுவோர் தொடும் கல் ஒன்று. பெண்மகவு வேண்டுவோர்க்கு மற்றொன்று. எம் மருமகளுக்கு இன்னும் குழந்தை இல்லை. சம்பந்தி அம்மாள் எம் துணைவியாரின் கையைப் பிடித்து ஆண்கல்லை நோக்கி நடந்தார்.

கல்லிடம் பிள்ளைவரம் கேட்பதா? 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளை நம்மவர் ஏற்றது இத்தகைய வழக்கங்களை விட்டொழிக்கவே அன்றோ? அவ்வுறுதிமொழிகள் பெயர்குறித்து விலக்கிய தெய்வங்கள் வேறு. இக்கல் அப்பட்டியலில் இல்லை என்று வாதிடலாம். அது வழக்கறிஞர் வாதம். மனம் அதில் அமைதியடையவில்லை.

ஆயினும் அந்தக் கையை உதறவும் இயலவில்லை. எம் பாட்டனார் தம் ஊர்க்கோயிலின் மதிலுக்கு வெளியே நின்றே வாழ்நாளைக் கழித்தவர். இங்கோ ஒருவர் எம் குலம் யாதென்று கேளாமல், கைப்பற்றிக் குகையின் உள்ளிடம்வரை அழைத்துச் செல்கிறார். சடங்கைப் பற்றிக்கொண்டிருத்தல் ஒரு தளை என்று தம்மம் போதிக்கின்றது. சீலப்பத பராமாசம் என்பது அதன் பெயர். சடங்கை மறுத்தோம் என்னும் பெருமிதத்தைப் பற்றிக்கொண்டிருத்தலும் அத்தளையின் ஒரு கண்ணியாக ஏன் இருத்தலாகாது? இதற்கு விடை காணுமுன்பே துணைவியாரின் கை கல்லின்மேல் இருந்தது. ஈரமான, வழுவழுப்பான கல். எத்தனை கைகள் தேய்த்த வழுவழுப்போ!

என்ன வேண்டினீர்கள் என்று சம்பந்தி அம்மாள் மருமகள் வாயிலாக வினவினார். பொய்யுரைக்க இயலாத இடம் அதுவே. யாம் வேண்டவில்லை, கல் தரும் என்று நம்புவதுமில்லை, உங்கள் அன்புக்காகத் தொட்டோம் என்று துணைவியார் கூறினார். மருமகள் சற்றே தயங்கி மொழிபெயர்த்தாள். அம்மையார் முகம் வாடும் என்று எதிர்பார்த்தோம். அவரோ சிரித்தார். தம் தாயும் இக்கல்லைத்தான் தொட்டு வேண்டினாராம், பிறந்தது தாமாம்!

ஏமாற்றப்படுவோர் இல்லாத இடத்தில் பொய்யும் இல்லை என்று அப்போது ஆறுதல் கொண்டோம். அவ்வாறுதல் முழுமையானதன்று. எமக்குப் பின்னே இளந்தம்பதியர் பலர் கண்ணில் ஏக்கத்தோடு வரிசையில் நின்றனர். அயல்நாட்டு முதியவர்களும் தொடுகிறார்களே என்று அவர்கள் நம்பிக்கை உறுதிப்பட்டிருந்தால், அதில் எம் பங்கும் உண்டு. அக்கணக்கு இன்னும் தீரவில்லை.

எமக்குப் பேத்தி பிறந்தாலும் மகிழ்ச்சியே என்று துணைவியார் மேலும் கூறினார். சம்பந்தி அம்மாள் உடனே எம்மைப் பெண்கல்லிடம் அழைத்துச் சென்றார். அங்கே வரிசை இல்லை.